வில்வத்தில் ஒருவன், எலுமிச்சையில் ஒருவன்

பூச்சி அரித்த வில்வ இலை சாமிக்கு ஆகாது. மலேசியாவில் பீடோருக்கு உள்ளே, முன்பு ரப்பர் பால்மரம் நின்று இப்போது எண்ணெய்ச் செம்பனை நிற்கிற ஒரு தோட்டத்துச் சிவன் கோவிலில் இந்த விதியைக் கட்டிக் காப்பவர் ஓர் அக்கா. மற்ற நாளெல்லாம் டவுனில் ஒரு பல் கிளினிக்கின் முன்மேசையில் உட்கார்ந்து, வருகிறவர்களைப் பெயர் சொல்லி உள்ளே அனுப்புகிறவர். திங்கட்கிழமை அவருக்கு லீவு. திங்களன்று வில்வம் பறிக்கக் கூடாது என்பதால் முந்தின நாளே பறித்து ஈரத்துணியில் சுற்றி வைத்திருப்பதைக் காலையில் பாயில் கொட்டி, ஒவ்வொரு இலையாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். கிளினிக் பழக்கம் கையோடு வந்துவிட்டது. மூன்று இதழும் முழுசாக இருந்தால் இலை தட்டுக்குப் போகும். இல்லையென்றால் "சொத்தை" என்று ஒரே சொல். இலை அவர் தோளுக்குப் பின்னால் பறக்கும்.

அப்படிப் பறந்த ஒன்று என் மடியில் விழுந்தபோதுதான் எல்லாம் ஆரம்பித்தது.

நான் அங்கே பக்தியால் உட்கார்ந்திருந்தேன் என்று சொன்னால் அம்மாகூட நம்பமாட்டார். என் அண்ணன் பார்சல் வேன் ஓட்டுகிறான். ஈப்போவில் ஏற்றியதை பீடோர், சிலிம் ரிவர், தெலுக் இந்தான் என்று இறக்கிக்கொண்டே போவான். நான் ஈப்போவில் ஒரு டியூஷன் சென்டரில் அறிவியல் சொல்லிக் கொடுக்கிறேன். திங்கட்கிழமை எனக்கும் வகுப்பில்லை. வீட்டில் இருந்தால் அம்மா வெங்காயம் உரிக்கச் சொல்வார் என்பதால் வேனில் தொற்றிக்கொள்வேன். இது அம்மா பிறந்த தோட்டம். அவர் பெயருக்கு ஓர் அர்ச்சனை செய்துவிட்டு, அண்ணன் சிலிம் ரிவர் போய்த் திரும்பும் வரைக்கும் கோவில் கூடத்தில் காற்று வாங்குவேன்.

மடியில் விழுந்த இலையின் நடு இதழில் வெள்ளியில் ஒரு கோடு. குழந்தை கையில் பென்சில் கிடைத்த மாதிரி வளைந்து, திரும்பி, தன்மேலேயே மோதிக்கொள்ளாமல் விலகி, கடைசியில் இலை ஓரத்துக்குப் போய் நின்றது. அந்த இடத்தில் மட்டும் ஓரம் பீடி சுருட்டியதுபோல மடங்கியிருந்தது. இந்தக் கோடு எனக்குப் பழக்கம். எங்கள் வீட்டு வாசலில் அம்மா தொட்டியில் வைத்திருக்கும் எலுமிச்சையில் துளிர் விட்டால் போதும், இந்த ஆசாமி வந்து கையெழுத்துப் போட்டுவிடுவான். இலைத்துளைப்பான் என்று பெயர். ஓர் அந்துப்பூச்சியின் புழு. இலையின் தோலுக்கு அடியில், தாளைவிட மெல்லிய இடத்தில் படுத்துக்கொண்டு, சாற்றைக் குடித்தபடியே ஊர்ந்து போகும். அது போன வழிதான் வெள்ளிக்கோடு. அந்தக் கோட்டின் நடுவே கறுப்பாக ஓர் இழை ஓடும். அது என்னவென்று நான் விளக்காமலே புரிந்திருக்கும். உள்ளேயே சாப்பிடுகிறவன் வெளியே எங்கே போவான்?

அம்மாவின் எலுமிச்சையில் அந்தக் கறுப்பு இழை அறுபடாமல் ஓடும். இந்த வில்வத்திலோ அது விட்டு விட்டு, புள்ளி புள்ளியாகக் கிடந்தது.

இவன் அவனில்லை என்று அந்த இடத்திலேயே எனக்குத் தோன்றிவிட்டது. ஆதாரம் ஒன்றும் கிடையாது. அடுத்தவன் கழிவறைப் பழக்கத்தை வைத்து ஆளை அடையாளம் சொல்கிற மாதிரிதான். ஆனாலும் இலையைக் கீழே போட மனம் வரவில்லை.

இந்தப் பூச்சிகளின் பேரினத்துக்கு ஃபிலோக்னிஸ்டிஸ் என்று பெயர். பல்லில் ஒட்டும் பெயர்தான், ஒரு தடவை சொல்லிவிட்டேன், போதும். அதில் ஏகப்பட்ட இனங்கள். தீபாவளிக்கு ஒரே தானில் துணியெடுத்துக் குடும்பத்துக்கே தைத்துப் போட்டுக்கொண்டு படம் பிடிப்பார்களே, அந்த மாதிரி எல்லாருக்கும் ஒரே உடை. வெள்ளிச் சட்டை, அதில் பழுப்பு மஞ்சளில் சில கோடுகள், சிறகின் நுனியில் ஒரு கறுப்புப் பொட்டு. முழுதாக வளர்ந்தவனே ஒரு நொய்யரிசி அளவுதான். ஆளைப் பார்த்துப் பிரிக்க முடியாது. சாப்பாட்டைப் பார்த்துச் சந்தேகப்படலாம். ஒருவன் கறுவா மரத்தைத் தவிர எதையும் தொடமாட்டான், இன்னொருவனுக்குத் திராட்சைக்கொடிதான் வேண்டும். எலுமிச்சையையும் வில்வத்தையும் மட்டும் நான் படித்த புத்தகங்கள் ஒருவன் பெயரிலேயே எழுதியிருந்தன. இரண்டு மரமும் ஒரே குடும்பம், ஆகவே வந்து தின்கிறவனும் ஒரே ஆள். இருக்கலாம். அல்லது ஒரே சட்டை போட்ட இரண்டு பேரை யாரோ அவசரத்தில் ஒருவராக எண்ணியிருக்கலாம்.

"அக்கா, இந்தச் சொத்தையெல்லாம் எனக்குக் குடுப்பீங்களா?"

"என்னாத்துக்கு?"

"வளக்க."

அக்கா கையிலிருந்த இலையைக் கீழே இறக்கினார். "கிளினிக்ல எத்தனையோ பேருக்குப் பல்லு புடுங்கியிருக்கோம். வீட்டுக்குக் கொண்டு போயி வளக்கிறேன்னு எவனும் கேட்டதில்ல."

கொடுப்பதில் அவருக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் ஆசைப்படாதே, இதுதான் கடைசி என்றார். சிவராத்திரி நெருங்கிக்கொண்டிருந்தது. நான்கு காலப் பூசைக்கும் வில்வார்ச்சனை. கிளினிக்கில் உட்கார்ந்தபடியே அவர் ஒரு வருடமாக மனசில் சேர்த்து வைத்திருந்த வேண்டுதல் வேறு: அந்த ராத்திரி முழுக்க, வெளியிலிருந்து ஓர் இலைகூட வாங்காமல், இந்த மரத்து வில்வத்தாலேயே பூசை நடக்கவேண்டும். அவருடைய அம்மா பால் வெட்டிய காலத்தில் நட்ட மரமாம். துளிரெல்லாம் இப்படிக் கோடு விழுந்து சுருண்டு கிடந்தால் எப்படி நடக்கும்? கோவில் தலைவர் மருந்து அடித்துவிடலாம் என்று சொல்லி, பம்புக்கும் ஆள் பார்த்துவிட்டார்.

இந்த வட்டாரத்தில் எனக்குத் தெரிந்த பெரிய வில்வமரம் இது ஒன்றுதான். மருந்து அடித்தால் என் ஆளைச் சந்திக்கும் முன்பே அவனுக்குக் காரியம் முடிந்துவிடும்.

"அக்கா, மருந்து அடிச்ச இலையவா சாமி தலையில போடுவீங்க?" என்று பாவம்போலக் கேட்டேன்.

அக்கா இலைகளுக்குத் திரும்பினார். நான்கை வரிசையாகத் தட்டில் வைத்தார். அதில் ஒன்று சொத்தை. அப்போதே தெரிந்துகொண்டேன், ஆள் ஆடிவிட்டார் என்று.

பேரம் பேசினோம். மருந்துக்குப் பதில் நான் திங்கள்தோறும் வந்து கோடு விழுந்த இலைகளையெல்லாம் ஏணி போட்டுக் கிள்ளி எடுத்துவிடுவேன். புழு போனால் அடுத்த துளிர் சுத்தமாக வரும். கூலியாக, செம்பனைப் பக்கம் சாய்ந்திருக்கும் பின்கிளை ஒன்று எனக்கு. அதைக் கொசுவலையால் மூடிக் கட்டிவிடுவேன், என் பூச்சிகள் அவர் பக்கம் போகாது. சிவராத்திரிக்கு இலை போதாவிட்டால் பம்பு வரும், வலைக்குள்ளும் அடிக்கும். சம்மதம் என்கிற நேரத்தில் அக்காவே ஓர் இடியைப் போட்டார்.

"திங்கக்கெழம வில்வத்துல கை வைக்கக் கூடாதே லா."

எங்கள் இருவருக்கும் லீவு திங்கட்கிழமைதான். நானும் யோசித்தேன், அவரும் யோசித்தார். கடைசியில் தீர்ப்பு அவரிடமிருந்துதான் வந்தது.

"நல்ல இலைய எடுத்தா பறிக்கிறது. சொத்தைய எடுத்தா அது வைத்தியம். வைத்தியத்துக்கு நாள் கெடையாது."

தலைவரையும் ஒப்புக்கொள்ள வைக்கவேண்டியிருந்தது. நல்ல மனிதர், ஆனால் கேள்வி கேட்கிறவர். எல்லாம் ஒரே மாதிரி இருந்தால் நீ எப்படி இது வேறு, அது வேறு என்று கண்டுபிடிப்பாய் என்று நேராகக் கேட்டார். நிபுணர்கள் என்ன செய்வார்கள் என்றால், ஆண்பூச்சியின் பின்பக்கத்தைப் பிரித்து, அதன் அந்தரங்க உறுப்பை நுண்ணோக்கியில் வைத்துப் பார்ப்பார்கள். பூட்டுக்கும் சாவிக்கும் உள்ள சம்பந்தம் அது, இனத்துக்கு இனம் மாறும். இதைக் கொடிமரத்தடியில் நின்று, நெற்றி நிறைய விபூதியோடு இருக்கும் ஒருவரிடம் எந்த வாயால் சொல்வது? வால் நுனி என்று முனகினேன். பூச்சிக்கு ஏது வால் என்றார் அவர். அதற்குள் வேனை நிறுத்திவிட்டு வந்த அண்ணன் பின்னால் நின்று தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தான். முந்தின வாரம்தான் அவனுக்கு இதையெல்லாம் வெட்கமில்லாமல் விளக்கியிருந்தேன்.

நல்லவேளை, இந்தப் பேரினத்தில் மானத்தைக் காப்பாற்றுகிற இன்னொரு வழி இருக்கிறது. புழு இலை ஓரத்தை மடித்துக் கூடு கட்டிப் படுத்த பிறகு, கூட்டுப்புழுவின் நெற்றியில் ஒரு சின்னக் கத்தி முளைக்கும். வெளியே வரும்போது கூட்டைக் கிழிக்க அதுதான் ஆயுதம். சார்டின் டின்னைத் திறக்கிற சாவி மாதிரி. பூச்சி பறந்து போனாலும், கத்தியோடு சேர்ந்த வெற்றுத்தோல் மடிப்பில் நீட்டிக்கொண்டு நிற்கும். அந்தக் கத்தியின் வடிவம் இனத்துக்கு இனம் மாறுகிறது. ஆக, தலையைப் பார்த்தால் போதும். தலை என்றதும் தலைவர் தலையசைத்தார்.

வீட்டில் வளர்ப்புக்கு எனக்குப் பெட்டி கிட்டி ஒன்றும் கிடையாது. அண்ணன் தினமும் தே ஐஸ் என்கிற ஐஸ் தேநீரைத் தாப்பாவ் பார்சலாக வாங்கிக் குடித்துவிட்டு எறியும் பிளாஸ்டிக் பைகளைக் கழுவிக் காயவைத்தேன். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் ஈரத்தாளும் இலையும் போட்டு, காற்றை ஊதி, ராஃபியா கயிற்றால் வாயைக் கட்டினேன். எலுமிச்சைக்குச் சிவப்புக் கயிறு, வில்வத்துக்குப் பச்சைக் கயிறு. குசினி ஜன்னல் கம்பியில் வரிசையாகத் தொங்கவிட்டபோது தேநீர்க்கடை மாதிரியே இருந்தது. அண்ணன் ஒரு காலையில் தூக்கக் கலக்கத்தில் ஒன்றை எடுத்து ஸ்ட்ரா குத்தப்போனான்.

சிவப்புக் கயிற்றில் காரியம் சுலபமாக நடந்தது. எலுமிச்சைக்காரர்கள் வந்தார்கள், போனார்கள், கத்திகளை விட்டுப்போனார்கள். டியூஷன் சென்டர் நுண்ணோக்கியில் பார்த்தேன். கொக்கிபோல வளைந்த ஒரு நுனி, ஓரம் வழவழப்பு. பார்த்த எல்லாமே அப்படித்தான். பச்சைக் கயிறுதான் சோதித்தது. வில்வ இலை சீக்கிரம் காய்ந்தது, புழு பாதி வழியிலேயே செத்தது. மீண்டும் மீண்டும் கொண்டுவந்தேன். கடைசியில் ஒரே ஒரு பையில், ஒரே ஒரு இலையில், ஓரம் மடங்கிக் கூடு கட்டியது. அந்த நேரம் பார்த்து டியூஷன் பிள்ளைகளுக்கு விடுமுறை முகாம் வந்தது, நான் போயே ஆகவேண்டும். பச்சைக் கயிற்றுப் பையைத் தொடாதே என்று அண்ணனிடம் படித்துப் படித்துச் சொல்லிவிட்டுப் போனேன்.

அண்ணன் தொடவில்லை. அம்மா தொட்டார்.

திரும்பி வந்தபோது விளக்கேற்றுகிற நேரம். ஜன்னலில் சிவப்புக் கயிறுகள் மட்டும் ஆடிக்கொண்டிருந்தன. பச்சை எங்கே என்று கேட்டேன்.

"கெழங்கா மீனு பொரிக்கிற எடத்துல வில்வத்தத் தொங்க விட்டிருக்கே. படிச்ச பிள்ளைதானே நீ?" என்றார் அம்மா. "எடுத்து சாமிக்கு வச்சிட்டேன்."

பையைப் பிரித்து, இலைகளுக்குத் தண்ணீர் தெளித்து, ஒவ்வொன்றுக்கும் சந்தனப் பொட்டு வைத்து, சிவன் படத்துக்குச் சாத்தியிருக்கிறார். சொத்தை ஆயிற்றே என்றேன். வீட்டுச் சாமி அவ்வளவு பார்க்காது என்றார்.

சாமி மேடை முன்னால் மண்டி போட்டேன். அம்மாவுக்கு ஒரு கணம் சந்தோஷம், என்ன தேடுகிறேன் என்று தெரியும் வரை. படத்தின் பின்னால் பார்த்தேன், விளக்கடியில் பார்த்தேன். விபூதித் தட்டில் ஒரு துகள் நடந்தது. குனிந்து பார்த்தேன். வெள்ளிச் சட்டை, மஞ்சள் கோடு, நுனியில் கறுப்புப் பொட்டு, உடம்பெல்லாம் திருநீறு. விளக்கு வெளிச்சத்துக்கு வந்திருக்கிறான். வெள்ளையில் வெள்ளையாக, என் வாழ்நாளில் நான் பார்த்த மிகப் பக்தியான பூச்சி.

"சாமிகிட்ட வச்சதாலதான் வந்துச்சு," என்றார் அம்மா.

பிடித்து டப்பாவில் போட்ட பிறகுதான் உறைத்தது. சாமி மேடை வாசலை ஒட்டி இருக்கிறது. வாசலில் எலுமிச்சைத் தொட்டி. ஜன்னல் திறந்திருந்தது. இவன் வில்வத்திலிருந்து வந்தவனா, எலுமிச்சையிலிருந்து விளக்குக்கு வந்தவனா? சட்டையைக் கேட்டால் சொல்லாது. அந்த இலை வேண்டும், அதில் கத்தி வேண்டும். ஆனால் படத்தில் இப்போது செம்பருத்திதான் இருந்தது.

"அந்த இலையெல்லாம் எங்கம்மா?"

"காஞ்சு போச்சு, எடுத்துட்டேன். சாமிக்கு வச்சத குப்பையிலயா போடுவாங்க? கால் படாத எடத்துல போட்டேன்."

எங்கள் வீட்டில் கால் படாத மண் ஒன்றுதான் உண்டு. எலுமிச்சைத் தொட்டி.

நான் பயந்து பயந்து தனித்தனிக் கயிற்றில் கட்டி வைத்த இரண்டு பேரையும் அம்மா ஒரே தொட்டியில் குடி வைத்துவிட்டார். கைபேசி வெளிச்சத்தில் தொட்டியைக் கிளறினேன். வாடிய செம்பருத்தி, அறுகம்புல், ஊதுவத்திக் குச்சி. அடியில் மூன்று இதழோடு என் இலை. மடிப்பில் தோல் நீட்டிக்கொண்டிருந்தது. மடிப்போடு ஒட்டியிருப்பதால் இது வில்வத்துக்காரனுடையதுதான், சந்தேகமில்லை. சந்தேகம் வேறு உருவத்தில் வந்தது. அம்மா பொட்டை மிகச் சரியாக அந்த மடிப்பின் மேல் வைத்திருந்தார்.

மறுநாள் நுண்ணோக்கியில் பார்த்தபோது கத்தியின் வளைவு எலுமிச்சைக்காரனுடையதைப் போலத்தான் இருந்தது. ஆனால் ஓரத்தில் மூன்று மேடுகள், ரம்பத்தின் பற்கள்போல. எழுந்து அறையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். திரும்ப உட்கார்ந்து, மெல்லிய தூரிகையை எரிசாராயத்தில் தோய்த்து மெதுவாகத் தடவினேன். ஒரு மேடு கழன்று மிதந்தது. சந்தனம். மற்ற இரண்டும் அசையவில்லை. அழுத்தித் தேய்க்கத் துணிவில்லை, உலகத்தில் என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். படம் எடுத்துக்கொண்டு நிறுத்தினேன்.

அடுத்த திங்கள் அக்காவிடம் கைபேசியை நீட்டி, மீதி இரண்டும் பல்லா, சந்தனமா என்று கேட்டேன். இரண்டு விரலால் பெரிதாக்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "இது பல்லு இல்ல, மேல படிஞ்ச காறை. நல்லாத் தேய்ச்சா வந்துரும்," என்று சொல்லிவிட்டு இலை பார்க்கப் போய்விட்டார். அவருக்கு அவர் கவலை. மழை பெய்து புதுத் துளிர் வந்து, இலை முற்றிக்கொண்டிருந்தது. முன்பக்கம் சுத்தம்தான், ஆனால் நான் கிள்ளிக் கிள்ளி மரம் இளைத்திருந்தது. போதுமா என்று அவர் தினமும் மரத்தடியில் வந்து நிற்பதாகத் தலைவர் சொன்னார். பம்பு மடப்பள்ளி ஓரத்தில் தயாராகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது.

சிவராத்திரிக்கு முந்தின நாள் பறிக்கப் போனோம். அதற்காக நான் வகுப்பை மாற்றிக்கொண்டு வந்திருந்தேன். முன்பக்கம் முழுதும் பறித்தும் நான்காம் காலத்துக்கான கூடை பாதிதான் நிறைந்தது. அக்கா கூடையைக் கீழே வைத்தார். செம்பனைப் பக்கம் திரும்பி என் வலையைப் பார்த்தார். வலைக்குள் கிளை செழித்து நின்றது. நான் கிள்ளாத ஒரே கிளை அல்லவா. கோடு விழுந்தவை இருந்தன, அவற்றைவிட அதிகமாக முழு இலைகள் இருந்தன.

கேட்டிருந்தால் மறுத்திருப்பேனோ என்னவோ. கேட்கவில்லை என்பதுதான் தாங்கவில்லை.

"புடிங்க கூடைய," என்று வலையின் முடிச்சை அவிழ்த்தேன்.

நான் பறித்து நீட்ட, அவர் பார்த்து, நல்லதைக் கூடையிலும் சொத்தையை என் பையிலும் போட்டார். கூடை நிறைந்தது. வெளியிலிருந்து ஓர் இலை வாங்காமல் நான்கு காலமும் நடந்து முடிந்தது. பம்பு வந்த வழியே திரும்பிப் போனது. என் கிளை மொட்டையானது. பையில் விழுந்த சொத்தைகளில் இருந்த புழுக்கள் மிகச் சிறியவை, ஒன்றும் கூடு கட்டும் வரை தாங்கவில்லை.

அதற்கடுத்த திங்கள் அக்கா ஒரு பால்மாவு டின்னோடு காத்திருந்தார். மரத்தடியில் வேரிலிருந்து கிளம்பிய கன்று ஒன்றைப் பெயர்த்து அதில் நட்டிருந்தார். உச்சியில் நகமளவு துளிர்.

"இதுல சொத்த வந்தா எனக்கு ஃபோன் பண்ணு," என்றார். "பல்லா காறையான்னு நானே வந்து பாக்குறேன்."

இப்போது திட்டம் இதுதான். எலுமிச்சையில் வளர்ந்த பூச்சிகளை இந்தக் கன்றோடு ஒரே வலைக்குள் விடப்போகிறேன். பக்கத்தில் ஒரு சின்ன எலுமிச்சையும் இருக்கும். வில்வத்தில் முட்டையிட்டு, கோடு போட்டு, வழவழப்பான கத்தியோடு ஒருவன் வெளியே வந்தால் புத்தகங்கள் சொல்வது சரியாக இருக்கக்கூடும், நானும் வாயை மூடிக்கொள்வேன். எலுமிச்சையை மட்டும் தின்றுவிட்டு வில்வத்தை ஏறெடுத்தும் பார்க்காவிட்டால் கோவில் மரத்தின் அடுத்த துளிருக்குக் கொசுவலையோடு ஓடுவேன்.

இடம்தான் பிரச்சினையாக இருந்தது. வில்வத்தைக் குசினியில் வைக்கக் கூடாது, மீன். வாசலில் வைக்கக் கூடாது, செருப்பு. குளியலறைப் பக்கம் பேச்சே இல்லை. அம்மா அனுமதிக்கிற ஒரே இடம் சாமி மேடையின் ஓரம், அதுவும் விளக்கை அணைக்கமாட்டேன் என்ற நிபந்தனையோடு. அண்ணன் பழைய பார்சல் அட்டையை வெட்டி விளக்குக்கும் வலைக்கும் நடுவே நிறுத்த ஒரு மறைப்புச் செய்து தந்திருக்கிறான். சிவப்புக் கயிற்றுப் பைகளில் மூன்று கூடுகள் எப்போது வேண்டுமானாலும் திறக்கலாம். நாளைக் காலையில் வலையைக் கட்டப்போகிறேன், சந்தனக் கிண்ணத்தை அலமாரியின் மேல்தட்டில் ஏற்றிய பிறகு.